பள்ளிக்கூடப் பக்கத்து ஜன்னல்

பள்ளிக் காலை உணவுச் சமையலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி நடந்த அன்று, என்னையும் கூப்பிட்டு ஏதாவது பேசச் சொன்னார்கள். மைக் கைக்கு வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "எல்லாரும் நல்லா செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கும்போதுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். அதனால் எழுதித் தருகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள் எழுதியது, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை படிக்கும் பள்ளியில்தான் அம்மா சமைக்கலாம் என்பது நம் வேலையின் விதி. என் கடைசிப் பையன் இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு முடித்தான். அவனோடு நானும் வெளியே வந்துவிட்டேன். கேஸ் ட்யூப்பை எப்படிப் பார்ப்பது, ரவையை எப்படிச் சலிப்பது, சமைத்ததைப் போட்டோ எடுத்து எப்படி அனுப்புவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிவிட்டார்கள். அங்கே சொல்லாமல் விட்டது பள்ளி வாசலைப் பற்றி. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் பள்ளி ஆம்பூரிலிருந்து உள்ளே போகும் சாலையில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரைதான். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்கள் வந்துவிடும். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை பஸ்கள். பள்ளிக்கு எதிரே சாலையின் மறுபக்கம் வரிசையாக நிற்கும். ஏறும் படி அந்தப் பக்கம் இருப்பதால், யார் எந்த பஸ்ஸில் ஏறினார்கள் என்பது பள்ளி வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாக்கள் பிள்ளைகளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். வாசலோ அப்போது எட்டு மணிக்குத்தான் திறக்கும். நாங்கள் சமைக்கிறவர்கள் ஆறு மணிக்கே உள்ளே போய், பூட்டை உள்பக்கமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அது தலைமையாசிரியையின் உத்தரவு. அடுப்பு எரிகிற நேரத்தில் ஆசிரியர் யாரும் இல்லாமல் பிள்ளைகள் உள்ளே ஓடினால் யார் பதில் சொல்வது? அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே பிள்ளைகள் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் உள்ளே கிளறிக்கொண்டிருப்பேன். சாவி என் இடுப்பில் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒன்றாம் வகுப்பில் யாமினி என்று ஒரு குழந்தை சேர்ந்தது. அவள் அம்மா சுமதி கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். அப்பா கிடையாது. யாமினி அம்மாவின் புடவையை விடமாட்டாள். அதனால் சுமதி தினமும் நழுவித்தான் போவாள். ஒருத்தி யாமினியிடம், "அங்க பாரு, குரங்கு" என்பாள். இன்னொருத்தி மறைத்து நிற்பாள். சுமதி குனிந்தபடி பஸ்ஸுக்குப் பின்னால் போய் ஏறிவிடுவாள். நானும் கம்பி வழியாக, "யாமினி, இன்னா சமைக்கிறேன் சொல்லு பாக்கலாம்" என்று கூப்பிட்டிருக்கிறேன். சின்னக் குழந்தையை விட்டுப் போக நம் பக்கத்தில் எல்லாரும் செய்வது இதுதானே. குழந்தை திரும்பிப் பார்க்கும்போது அம்மா இருக்கமாட்டாள். உடனே ஏதாவது ஒரு பஸ்ஸை நோக்கி ஓடுவாள். யாராவது பிடித்து நிறுத்துவார்கள்.

ஒரு புதன்கிழமை, அன்று டிபன் பொங்கல். என்னோடு சமைக்கும் அக்கா வரவில்லை. பருப்பும் அரிசியும் கொதித்துப் பொங்கும் நேரம். வெளியே பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினார்கள். எப்போதும் போடும் சத்தம் இல்லை, வேறு சத்தம்.

நான் முதலில் கேஸை மூடினேன். பிறகுதான் ஓடினேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும், அப்போது கால் முதலில் ஓடப் பார்க்கும். கை முதலில் அடுப்பை அணைக்கட்டும். பின்னால் வரும் பத்துப் பிள்ளைகளுக்கும் அதுதான் பாதுகாப்பு.

பூட்டைத் திறந்து வெளியே போனால், ஒரு பஸ் திரும்புவதற்காகப் பின்னால் வந்து, பள்ளி வாசலுக்கு நேராக நின்றிருந்தது. அதன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், ஐந்தாம் வகுப்புப் பவித்ரா தரையில் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிய யாமினியை அவள்தான் இழுத்து மடியில் போட்டுப் பிடித்திருந்தாள். பவித்ராவின் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். யாமினியின் செருப்பு ஒன்று பஸ்ஸுக்கு அடியில் கிடந்தது.

டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயதுக்காரர். "பின்னாடி யாரும் இல்லனுதான் எடுத்தேம்மா. கண்ணாடில தெரியவே இல்ல" என்றார். பிறகு அந்தப் பயத்திலேயே பிள்ளைகளைத் திட்டினார். பவித்ராதான் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டே, "அண்ணா, திட்டறத அப்பறம் திட்டுங்க. அந்தச் செருப்ப எடுத்துக் குடுங்க" என்றாள்.

சுமதி ஏறிய பஸ் அதற்கு முன்பே போயிருந்தது. கம்பெனியில் போனை வெளியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சுமதிக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் விஷயம் தெரிந்தது. சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழம கொண்டும்போய் ஆலங்காயத்துல எங்க அக்கா வீட்ல உட்டுடறேன். அங்கியே படிக்கட்டும். அங்க இந்த கம்பெனி பஸ் பேஜாரு இல்ல."

"நீ எப்ப பாப்ப?"

"லீவு கெடைக்கறப்ப."

ஆறு வயதுக் குழந்தையும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமையோடு பிரியப் போகிறார்கள். அனுப்பாதே என்று எந்த வாயால் சொல்வது? செருப்பு கிடந்த இடம் என் கண்ணிலேயே நின்றது.

இப்போது பள்ளியின் மாணவர் மன்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் அது பெயருக்கு இருக்கும். எங்கள் தலைமையாசிரியை அதை உண்மையாகவே நடத்தினார். தேர்தலுக்கு என்னிடம் புளியங்கொட்டை வாங்கிப் போனார்கள். பிடித்தவர் பெயர் எழுதிய டம்ளரில் கொட்டை போட வேண்டும். பவித்ரா தலைவி. நாலாம் வகுப்பு சாம் சாப்பாட்டு மந்திரி. மூன்றாம் வகுப்பு மஞ்சு தண்ணீர் மந்திரி. அவள் என்னைப் போல, கேட்டாலொழியப் பேசமாட்டாள்.

சாமுக்கு மட்டும் நான் கொஞ்சம் பயப்படுவேன். தட்டை வைத்துக்கொண்டு யோசனையாகச் சாப்பிட்டுவிட்டு வருவான். "அக்கா, கிச்சடி இன்னிக்கு கொழகொழன்னு இருக்குது. மன்றத்துல சொல்லட்டுமா, இங்கியே பேசித் தீத்துக்கலாமா?" என்பான். இங்கேயே தீர்த்துக்கொள்வேன்.

வியாழக்கிழமை காலை உணவு முடிந்ததும் மன்றம் அவசரமாகக் கூடியது. சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். ஒன்றாம் வகுப்பு நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். பெரியவர்கள் கூட்டமாக இருந்தால் வாய் திறந்திருக்கமாட்டேன். பிள்ளைகள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. யாமினி ஆலங்காயம் போகப் போகிறாள் என்பதையும் சொன்னேன்.

"அவ போவக்கூடாது" என்றாள் பவித்ரா. "இன்னா செய்யலாம் சொல்லுங்க."

சாம் எழுந்தான். "வாசல்ல அழுது ஓடறவங்களுக்கு அன்னிக்கு டிபன் கட். அப்பதான் பயப்படுவாங்க."

"அது ஆவாது" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "பசிய வெச்சு எந்தச் சட்டமும் போடக்கூடாது."

"சரி, சாப்பாட்டு மந்திரி அத வாபஸ் வாங்கறாரு" என்று சாம் உட்கார்ந்தான்.

இன்னொரு பையன் பஸ்ஸையே நிறுத்தச் சொன்னான். "அப்ப உங்க அம்மா நடந்து போவுமா?" என்று யாரோ கேட்டார்கள். ஒருத்தி வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டச் சொன்னாள். தலைமையாசிரியை ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேசவில்லை. பேசாமல் இருப்பதும் வேலைதான் என்று அன்று எனக்குத் தெரிந்தது.

அப்போது மஞ்சு கை தூக்கினாள். "அவ ஏன் ஓடறானு அவளையே கேக்கலாமா?"

இத்தனை நாளில் அதை யாரும் கேட்டதில்லை. அம்மா வேண்டும் என்று ஓடுகிறாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று எல்லாரும் இருந்துவிட்டோம்.

யாமினியைக் கூட்டி வந்தார்கள். அவ்வளவு பேரைப் பார்த்ததும் சுவரோரம் ஒட்டிக்கொண்டாள். மஞ்சு அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"பஸ்ஸு பின்னாடி ஏன் ஓடின? அம்மாவ நிறுத்தவா?"

யாமினி இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்பறம்?"

"அம்மா எந்த பஸ்ல போச்சுனு பாக்க."

"பாத்து?"

"சாய்ங்காலம் அந்த பஸ்ஸு வரும்ல. அத பாத்துக்கினு நிப்பேன். இப்ப எல்லா பஸ்ஸையும் பாக்கறேன். எதுலயும் இல்லாம போய்டுச்சுனா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாயங்காலம் அந்தக் குழந்தை சாலையோரம் நின்று ஒவ்வொரு வெள்ளை பஸ்ஸையும் வெறித்துப் பார்ப்பதை ஊரே பார்த்திருக்கிறது. வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தோம். அவள் தினமும் காலையில் அம்மாவைத் தொலைத்துவிட்டு, சாயங்காலம் வரை எந்த பஸ் என்று தெரியாமல் இருந்திருக்கிறாள்.

அதன் பிறகு பிள்ளைகள் வேகமாகப் பேசினார்கள். பெரியவர்கள் கூட்டத்தில் அவ்வளவு சீக்கிரம் காரியம் நடந்து நான் பார்த்ததில்லை. அம்மாக்கள் நழுவக் கூடாது, சொல்லிவிட்டுப் போக வேண்டும். பள்ளிக்கூடப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து கை காட்ட வேண்டும். பிள்ளைகள் சாலையில் நிற்காமல் வாசலுக்கு உள்ளே நின்று பார்க்க வேண்டும். அதற்கு ஏழு மணிக்கு முன்பே வாசலைத் திறக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பார் முறைபோட்டு, சின்னவர்களை வராந்தாவில் உட்காரவைத்துப் பார்த்துக்கொள்வார்கள். சமையலறைப் பக்கம் பெஞ்சுகளைப் போட்டு மறித்துவிட வேண்டும்.

தலைமையாசிரியை அப்போதுதான் வாய் திறந்தார். "வாசல் திறக்கறதுக்கு நான் பொறுப்பு ஏத்துக்கறேன். ஆனா பெத்தவங்க சம்மதம் வேணும். மதியம் மூணு மணிக்குக் கூட்டம் போட்டா போன தடவ மாதிரி நாலு பேருதான் வருவாங்க."

"அவங்க வரமாட்டாங்க டீச்சர்" என்றாள் பவித்ரா. "கம்பெனில உடமாட்டாங்க. நாமதான் போவணும். நாளைக்குக் காலைல, பஸ் வர்றதுக்கு முன்னாடி."

தலைமையாசிரியை வேலூரிலிருந்து பஸ் மாறி வருகிறவர். மறுநாள் ஆறரை மணிக்கே பள்ளி வாசலில் நின்றார். தலை சரியாக உலர்ந்திருக்கவில்லை. அவரை நான் அதற்கு முன்பும் மதித்தேன். அன்றிலிருந்து அதிகமாக மதிக்கிறேன்.

சாலைக்கு மறுபக்கம் மதகுச் சுவரில் பவித்ரா ஏறி நின்றாள். முழங்கையில் கட்டு இருந்தது. டிபன் பையோடு அம்மாக்கள் வந்து சேர்ந்தார்கள்.

"எல்லாரும் கிட்ட வாங்க. பஸ் வர்றதுக்குள்ள முடிச்சிடறோம்."

"இன்னாடி, எலெக்சனா? ஓட்டுக்கு இன்னா தருவ?" என்றாள் ஒருத்தி.

"கிச்சடி" என்றான் சாம். "ஆனா அது எங்களுக்குத்தான். உங்களுக்கு இல்ல."

சிரிப்பு அடங்குவதற்குள் பவித்ரா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். யாமினி சொன்னதைச் சொன்னபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. சுமதி யாமினியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள்.

"நல்லாதான் பேசற" என்றாள் சுமதி. "சொல்லிட்டுப் போனா கால கட்டிக்கினு உடமாட்டா. பஞ்சிங் லேட்டானா அரை நாள் சம்பளம் போய்டும். அப்ப இன்னா பண்றது?"

பவித்ரா தலைமையாசிரியையைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தூரத்தில் முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

யாமினி அம்மாவின் கையை இழுத்தாள். "அழுவேம்மா. கொஞ்ச நேரம் அழுவேன். அப்பறம் நிறுத்திடுவேன்."

சுமதி அவளையே பார்த்தாள்.

"எங்க லைன் சூப்பர்வைசர விட இது கரெக்டா கணக்கு சொல்லுதுடி" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

பஸ்கள் வந்து நின்றன. சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கச் சொன்னார் தலைமையாசிரியை. டிபன் பைகளோடு கைகள் மேலே போயின. சுமதியின் கை போகவில்லை. அந்த ஐம்பது வயது டிரைவர் எட்டிப் பார்த்து, என்ன கூட்டம் என்று கேட்டார். சாம் விளக்கினான்.

"எல்லாரும் ஒரே பக்கம் உக்காந்தீங்கன்னா வண்டி சாஞ்சிடும்" என்றார் அவர். பிறகு பவித்ராவின் முழங்கையைப் பார்த்தார். "இனிமே நான் இங்க ரிவர்ஸ் எடுக்கமாட்டேன். மேல போய் தண்ணி டேங்க் கிட்ட திருப்பிக்கிறேன். மத்த வண்டிக்காரனுங்க கிட்டயும் சொல்றேன்." கூட்டத்தில் யாரும் அவரை அதைக் கேட்கவே இல்லை.

சுமதி அன்றும் ஒன்றும் சொல்லாமல்தான் ஏறினாள். ஜன்னலில் அவள் முகம் தெரியவில்லை. யாமினியை மஞ்சு பிடித்துக்கொண்டிருந்தாள்.

சனி, ஞாயிறு எனக்கு வீட்டில் கை ஓடவில்லை. சுமதி வீட்டுக்குப் போய்க் கேட்கலாம். ஆனால் பெற்றவள் எடுக்க வேண்டிய முடிவு. நான் போய் நின்றால் அது அவளை நெருக்குவது போல ஆகும். போகவில்லை. அது சரிதானா என்று இன்றும் தெரியாது.

திங்கட்கிழமை உப்புமா. ஏழு மணிக்கு முன்பே வாசலைத் திறந்தேன். பெஞ்சுகளை இழுத்து மறித்தோம். பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். பவித்ரா வாசலிலேயே நின்றாள். ரவையைக் கொட்டிக் கிளறினேன். கண் வாசலில் இருந்ததால் கொஞ்சம் கட்டி தட்டிவிட்டது. சாம் பார்த்துவிட்டு, அவனும் வாசல் பக்கமே திரும்பிக்கொண்டான்.

பஸ் வருகிற நேரத்தில் சுமதி யாமினியோடு வந்தாள். கையில் ஊருக்குப் போகும் பெரிய பை எதுவும் இல்லை. புத்தகப் பை மட்டும். வாசலுக்குள் வந்து, யாமினிக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா வேலைக்குப் போறேன். சாய்ங்காலம் வர்றேன். அந்த பஸ்ல."

"எந்த பஸ்ஸு?"

சுமதி எழுந்து பார்த்தாள். எல்லாம் வெள்ளை. யாமினி தன் ஒரு பக்கப் பின்னலில் இருந்த சிவப்பு ரிப்பனைப் பிடித்து இழுத்தாள். "இத கட்டு."

சுமதி ரிப்பனை வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள். யாமினி அழுதாள். சொன்னபடி நன்றாகவே அழுதாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாசலைத் தாண்டாமல் அழுதாள். இரண்டாவது பஸ்ஸில், பள்ளிக்கூடப் பக்கத்து ஜன்னலில் ஒரு கை வெளியே வந்து கம்பியில் ரிப்பனைக் கட்டியது. பிறகு அந்தக் கை ஆடியது. பஸ் நகர்ந்தது. யாமினி அது வளைவில் திரும்பும் வரை பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி, "இன்னா டிபன்?" என்று கேட்டாள்.

அன்று முழுவதும் ஒரு பின்னலில் மட்டும் ரிப்பனோடு வகுப்பில் இருந்தாள். இரண்டு ரிப்பன் இல்லாவிட்டால் கேட்கும் தலைமையாசிரியை கேட்கவில்லை. ஆலங்காயம் பேச்சு அதோடு நின்றது. கொஞ்ச நாளில் மற்ற ஜன்னல்களிலும் துணிக் கீற்று, கைக்குட்டை என்று தொங்க ஆரம்பித்தது. பள்ளிக்கூடப் பக்கத்து சீட்டுக்குப் பெண்கள் சண்டை போடுகிறார்கள் என்று டிரைவர் என்னிடம் வந்து குறைபட்டுக்கொண்டார். குறை சொல்கிற முகம் இல்லை அது.

நான் என் வேலையில் கற்றது எல்லாம் இந்தப் பிள்ளைகளிடம்தான். நாம் அவர்களுக்காக ஆயிரம் யோசிக்கிறோம். அவர்கள், போய்க் கேட்கலாமா என்று யோசித்தார்கள். பெரியவர்களை வரச்சொல்லிக் காத்திருக்காமல் அவர்கள் நிற்கும் இடத்துக்கே போனார்கள். உங்கள் பள்ளியில் மன்றம் இருந்தால், அவர்கள் உங்களைக் கூப்பிட்டால், கை வேலையை வைத்துவிட்டுப் போங்கள். சின்ன நாற்காலிதான் கிடைக்கும், உட்காருங்கள்.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பொடியன் வாசலில் புரண்டு அழுதான். மூன்றாம் வகுப்பு யாமினி அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். "அழுவு, ஒண்ணும் இல்ல. உங்க அம்மா எந்த பஸ்ஸு? வா, பாக்கலாம்."

கடைசியாக ஒன்று, உங்களில் எங்கள் பள்ளிக்கு வந்திருப்பவர்களுக்கு. பஸ் கிளம்பும்போது அம்மாக்கள் பிள்ளைகளுக்குக் கை காட்டிவிட்டு, ஒரு நொடி சமையலறைப் பக்கமும் பார்ப்பார்கள். நீங்கள் அங்கே இருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். எனக்குக் கூச்சம், முதலில் அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்புறம் ஒருநாள் கரண்டியோடு கையைத் தூக்கினேன். அந்த ஜன்னல்களில் பல கைகள் எனக்காகத் திரும்ப ஆடின.

வாசல் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டேன். ஏழு மணிக்கு முன்னால் திறந்துவிடுங்கள். பஸ் கிளம்பும்போது அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, கதவோரம் வந்து நின்று கையைத் தூக்குங்கள்.